எண்பத்தாறாம் நிமிடத்துக்கு மூன்று வரைவுகள்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. வேறொரு புத்தகத்தின் 107-ஆம் பக்கத்தில் கை நின்றுபோனதால் எழுத வேண்டியதாயிற்று.

மொந்தேரால்தோ கால்பந்துக் கழகத்துக்கு நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் இந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்தினேன் என்பது சொல்லிக்கொண்ட காரணம். நத்சரேனோ தொம்பொலீனியின் மகள் என்பது உண்மையான காரணம். அப்பா பதினோரு வருடம் அணித்தலைவர். அவர் போன பிறகு மைதானத்தின் தெற்குப் பக்க இருக்கைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

முதல் தொடக்கம்: "1924-ஆம் ஆண்டு, செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை..."

(விட்டுவிட்டேன். எல்லாக் கழகங்களும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்குகின்றன.)

இரண்டாவது: "மூன்று முறை மூன்றாம் பிரிவில் முதலிடம். 1968-இல் இத்தாலியக் கோப்பையின் அரையிறுதி. 1970-இல் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றம்..."

(சாதனைகள் இரண்டு பத்தியில் தீர்ந்துவிட்டன. மீதி வருடங்களை என்ன செய்வது?)

மூன்றாவது: "எண்பத்தாறாம் நிமிடம்." எங்கள் ஊரில் இதற்கு ஆண்டு சொல்ல வேண்டியதில்லை.

2

ஊர் சொல்லும் விதத்திலேயே முதலில் சொல்கிறேன்.

1973 ஜூன் 17. கடைசி ஆட்டம், சொந்த மைதானம். சமநிலை போதும், முதல் பிரிவுக்கு ஏறிவிடலாம். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. எண்பத்தாறாம் நிமிடத்தில் எதிரணியின் ரெதெந்தோ ஃபுர்லான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டருகே குத்தி எழும்பியது. எங்கள் கோல்கீப்பர் எல்பீதியோ சிங்கொலானி பாய்ந்து பிடித்தார். நடுவருக்குச் சந்தேகம். கோல்கீப்பரிடமே கேட்டார், உள்ளே போனதா என்று. எல்பீதியோ, "போனது" என்றார்.

தோற்றோம். அந்த உயரத்தை அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக் கதவில் தார் பூசியிருந்தது. ரொட்டிக் கடையில் அவர் மனைவி போகும்போது மட்டும் ரொட்டி தீர்ந்துபோயிருந்தது. விலை போய்விட்டான் என்றார்கள். கழகம் அவரை அனுப்பிவிட்டது. இருபத்தெட்டு வயதில், தொழிற்சாலையில் அடித்தோல் வெட்டும் வேலைக்குப் போனார்.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: எனக்கு அப்போது ஒன்பது வயது. சிங்கொலானி வீட்டுப் பெண்ணோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று ஆசிரியையிடம் சொன்னேன். அப்படிச் சொல்லும்படி வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.]

3

ஐம்பது வருடத்தில் காற்று திசை மாறிவிட்டது. கழகத் தலைவர் ஜில்பெர்த்தோ என் வீட்டுக்கே வந்தார்.

"டீச்சர், கோப்பைன்னு பாத்தா நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு அலமாரிகூட நெறையாது. ஆனா இப்படி ஒரு மனுஷன் எந்தக் கிளப்புல இருக்கான், சொல்லுங்க? முதல் பிரிவே கைல இருக்கு, அதத் தூக்கிப் போட்டுட்டு உண்மையைச் சொன்னவன்! இதுதான் நம்ம சாதனை. வடக்கு வாசலுக்கு அவர் பேர வைக்கிறோம். டிவிக்காரங்க வர்றாங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ரெண்டு கடுதாசி போட்டோம். பதிலக் காணோம். நீங்க போங்க. கேப்டன் பொண்ணு வந்தா மூஞ்சில அடிச்ச மாதிரியா பேசுவாரு?"

4

எல்பீதியோவை எப்படி அறிமுகப்படுத்துவது? "கனிந்த கண்களும் நடுங்கும் கைகளும் கொண்ட அந்த முதியவர்..."

(பொய். கண்களில் கனிவு எதுவும் இல்லை. கைகள் நடுங்கவில்லை. வேலிக்கு வெளியே என்னைப் பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டுத் தக்காளிச் செடிகளுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்.)

"நத்சரேனோ மகளா? மூக்கப் பாத்தாலே தெரியுது. என்ன, அந்த வாசல் சமாச்சாரமா?"

"ஆமா. நீங்க அன்னிக்குச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு ஊருக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

"நான் என்னத்தச் சொன்னேன்?"

"பந்து உள்ள போச்சுன்னு."

ஊன்றிய கம்பை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நான் எதுவும் சொல்லல. என்னை யாரும் கேக்கவும் இல்ல. லைன்ஸ்மேன் கொடியத் தூக்கினான், நடுவர் விசில ஊதினான், முடிஞ்சுது. நான் மண்ணுல முட்டி போட்டுக் கெடந்தேன். உள்ள போச்சா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு யாரு சொன்னது?"

"சாயங்காலம் ரேடியோல கேட்டேன். 'எங்க கோல்கீப்பரே ஒத்துக்கிட்டான், நாங்க என்ன பண்றது'ன்னு கேப்டன் சொல்றான். அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

(இந்த இடத்தில் "என் காலடியில் பூமி..." என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.)

"நீங்க ஏன் மறுத்துப் பேசல?"

"நாளைக்கு அவனே வந்து சொல்லிடுவான்னு இருந்தேன். அப்புறம், ஊரு ஆறட்டும், அடுத்த வாரம் சொல்லுவான்னு. அப்புறம், சீசன் ஆரம்பிக்கட்டும்னு. இப்படியே இருந்து, அவன அடக்கமும் பண்ணியாச்சு."

நான் கிளம்பும்போது வேலிவரை வந்தார்.

"செய்யாத தப்புக்கு அம்பது வருஷம் துப்புனீங்க. இப்ப செய்யாத நல்லதுக்குக் கல்லு நட வர்றீங்க. ரெண்டுலயும் நான் இல்லம்மா. ஜில்பெர்த்தோகிட்ட போய்ச் சொல்லு."

5

அவர் சொல்லை மட்டும் நம்பி எழுதலாமா? கூடாது என்றுதான் முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொன்னேன். (அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இதை மறைக்கப் போவதில்லை.)

ஃபுர்லான் திரியெஸ்தேயில் உயிரோடு இருந்தார். தொலைபேசியில், கழக வரலாறு எழுதும் ஆசிரியை என்று மட்டும் சொன்னேன்.

"நடுவர் யாரையும் கேக்கல. நான் பக்கத்துலதானே நின்னேன். அந்தக் கதை எங்க காதுக்கும் வந்துச்சு, சிரிச்சோம். அப்புறம் அந்தக் கோல்கீப்பர் கதிய கேட்டதும் சிரிப்பு நின்னுபோச்சு."

"அந்தக் கோல் எப்படி விழுந்துச்சு?"

"கார்னர்ல. என்னைப் பிடிக்க வேண்டியது உங்க கேப்டன். எண்பத்தஞ்சு நிமிஷம் என் சட்டைய விடல மனுஷன். அந்த ஒரு தடவ வேற பக்கம் பாத்துட்டார். யாருக்கும் நடக்கறதுதான். நீங்க அதை எழுத வேண்டாம், பாவம்."

எல்பீதியோவுக்கு இது தெரிந்திருக்கும். கம்பங்களுக்கு நடுவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருப்பார். என்னிடம் சொல்லவில்லை.

6

107-ஆம் பக்கத்துக்கு மூன்று வரைவுகள்.

ஒன்று: நேர்மையான கோல்கீப்பர். அழகாக வந்தது. எல்லோருக்கும் பிடிக்கும், அந்தக் கதைக்குள் இருப்பவரைத் தவிர.

இரண்டு: "அன்றைய நிகழ்வு குறித்துப் பல்வேறு கருத்துகள் நிலவுகின்றன." இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதனாலேயே பயந்துவிட்டேன்.

மூன்று: "நடுவர் யாரையும் கேட்கவில்லை. ஃபுர்லானைத் தவறவிட்டவர் அணித்தலைவர் தொம்பொலீனி. ஆட்டம் முடிந்ததும் வானொலியில் அவர் சொன்னது பொய்." கடைசிச் சொல்லை அழித்து "தவறு" என்று எழுதினேன். அதை அழித்து "அவசரத்தில் சொன்னது" என்று எழுதினேன். பிறகு பழைய சொல்லுக்கே திரும்பினேன்.

என்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவைவிட நல்லவள் என்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறேனா? அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு ஜூன் பதினேழும் அவர் சாப்பிட மாட்டார். தோற்றுப்போன துக்கம் என்று அம்மா எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வாள். அந்தத் துக்கத்தின் சரியான பெயர் எனக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது.

மூன்றாவதைக் கொடுத்தேன். ஜில்பெர்த்தோ நின்றபடியே படித்தார்.

"சொந்த அப்பாவ யாராவது இப்படி எழுதுவாங்களா டீச்சர்? வாசலும் போச்சு, டிவியும் போச்சு. உங்களுக்கு இதுல என்ன கெடைச்சுது?"

"இந்தப் பக்கம் வேணாம்னா, அட்டையில என் பேரும் வேணாம்."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பினார். விழாவன்று சிலர் என்னோடு கை குலுக்கினார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து ஒருவர், "அப்பனக் காட்டிக் குடுத்தவளே!" என்று கத்தினார். சத்தம் வந்த திசையில் அப்பாவின் பெயர்ப்பலகை.

7

எல்பீதியோ விழாவுக்கு வந்தார், கூட்டம் எழுந்து நின்றது, ஐம்பது வருடப் பாரம் இறங்கியது என்று முடிக்கலாம். அவர் வரவில்லை.

மறுநாள் நானே புத்தகத்தைக் கொண்டுபோனேன். இந்த முறை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். ஜன்னலோரம் நின்று, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து அந்தப் பக்கத்தை வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து தொடங்கினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

"இவ்வளவுதானா?"

"ஏதாவது தப்பா எழுதியிருக்கேனா?"

"தப்பில்ல. ஆனா அன்னிக்கு மொத பாதில கோட்டு மேலேருந்து ரெண்டு பந்த வெளிய தள்ளினான் உங்க அப்பன். ஒண்ணு தலையால. கம்பத்துல மோதி நெத்தி கிழிஞ்சு ரத்தம், துடைச்சிக்கிட்டே ஆடினான். அவன் மட்டும் இல்லேன்னா இடைவேளைக்கு முன்னாடியே மூணு வாங்கியிருப்பேன். அதக் காணோமே."

"அப்பாமேல உங்களுக்கு இன்னும்..." என்று தொடங்கினேன். அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பில் காப்பி வைக்கப் போய்விட்டார்.

அது மன்னிப்பா, அல்லது தன் கண்ணெதிரில் நடந்த எதையும் யாரும் விட்டுவிடக் கூடாது என்ற கோல்கீப்பரின் பிடிவாதமா, எனக்குத் தெரியவில்லை. காப்பி குடிக்கும்போதும் அவர் சொல்லவில்லை. நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். புத்தகம் அச்சாகிவிட்டது, அதில் இனி எதையும் சேர்க்க முடியாது. விட்டுப்போன வரியை இங்கே வைக்கிறேன்:

1973 ஜூன் 17 ஆட்டத்தின் முதல் பாதியில், நத்சரேனோ தொம்பொலீனி நெற்றியில் ரத்தத்தோடு கோட்டின் மேலிருந்து இரண்டு பந்துகளைக் காப்பாற்றினார். சாட்சி: எல்பீதியோ சிங்கொலானி.