இரண்டாவது முட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி போகிற பஸ். மன்னார்குடியில் சித்தி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண். மடியில் பை, பைமேல் போன், போன்மேல் கட்டைவிரல். வடுவூர் தாண்டியும் அந்த விரல் நகரவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இடது கையால் பையைத் துழாவி, ஜிப் சிக்கிக்கொள்ள, பல்லால் இழுத்துத் திறந்தாள். ஓரிடத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ் மறுபக்கம் மண்ணில் இறங்கி ஏறியது. நான் கம்பியைப் பிடித்தேன், அவள் போனைப் பிடித்தாள். விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்யாமல் எழுதுகிறவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

திரையில் ஒரு செம்மறிக் கிடா. ஏதோ மேடையின் ஓரத்தில் தலையைத் தாழ்த்தி, பின்னங்காலால் தரையைச் சீய்த்துக்கொண்டு நின்றது. கொம்பு இரண்டும் செக்கச்செவேலென்று கனன்றன. எதிரே யாருமில்லை.

"விரல எடுத்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"பாஞ்சிரும் ஆன்ட்டி. எதுத்தாப்புல ஆள் இல்லேன்னா நேரா போயி பள்ளத்துல விழுந்துரும்."

"அப்ப எதுக்கு இப்பவே அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கே?"

"ஃப்ரெண்டு வரணும்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேலே கேட்க எனக்கு மனசு வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். (ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன்.) இனி வருவதில் கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நான் கட்டியது. பின்னால் தெரிந்துகொண்டு நீங்கள் சண்டைக்கு வருவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காவிரி கடைமடைக்கு வந்து சேராத ஒரு வருடத்தில் வானதி..."

அடித்துவிட்டேன். டெல்டாவைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே மதகைத் திறந்துவிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இந்தக் கதைக்குத் தண்ணீர் வேண்டாம். அடுத்தது:

"அந்தக் கிடாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் ஹஃப்ஸா."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். (அதன் பெயரைக் கேட்காதீர்கள். அதையும் நான்தான் கட்டினேன்.) வெவ்வேறு விளையாட்டுகளில் அவரவர் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்த நாயகர்களை எல்லாம் ஒரே மேடையில் கொண்டுவந்து இறக்கி அடித்துக்கொள்ளச் சொல்கிற விளையாட்டு அது. ஒரு மூலையில் வாள்வீரன், ஒரு மூலையில் ரோபோ, பறக்கும் சூனியக்காரி ஒருத்தி. இவர்களுக்கு நடுவில், ஏதோ விவசாய விளையாட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்த இந்தக் கிடா. அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, முட்டு. பொத்தானைத் தட்டினால் சும்மா ஒரு செல்ல முட்டு. அழுத்திப் பிடித்தால் கொம்பில் சூடு ஏறும். எத்தனை நேரம் பிடிக்கிறோமோ அத்தனை வேகம், அத்தனை தூரம். முழுதும் ஏறிய பிறகும் பிடித்துக்கொண்டே நிற்கலாம். அதற்குமேல் ஏறாது, ஆனால் இறங்கவும் செய்யாது. விட்டால் விட்டதுதான், பாதியில் நிற்கவோ திரும்பவோ அதற்குத் தெரியாது.

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் விடுதி அறையில் இரண்டு பேர் கட்டிலுக்கொருவராக உட்கார்ந்து இதை விளையாடினார்கள். வானதி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகைக்கு நெல் போடுகிற ரெங்கசாமியின் மகள். ஹஃப்ஸா, நாகூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப்பின் மகள். இருவருக்கும் அதே கிடாதான் வேண்டும். வேறு நிறத்தில் இன்னொரு மாப்பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். ஹஃப்ஸா தட்டித் தட்டி முட்டுவாள். வானதி பிடித்துக்கொண்டே நிற்பாள்.

"நீ ஊறவச்சு அரைச்சு அடிக்கிறதுக்குள்ள நான் ஆக்கி சாப்புட்டு கையும் கழுவிருவேன்டி" என்பாள் ஹஃப்ஸா.

"பட்டுன்னா எங்க போயி விழுவேன்னு பாரு."

"படட்டும். மொதல்ல வுடு!"

3

இங்கே எனக்கு வானதிமேல் ஒரு சந்தேகம். முதல் படியில் அவளைத் தொட்டாற்சிணுங்கியாக எழுதியிருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே அழுதாள். பஸ்ஸில் பல்லால் ஜிப்பை இழுத்தவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, படிப்பு முடிந்ததும் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தேன். நாள் முழுக்க, "கையத் தளர வுடுங்க, விறைப்பா வச்சுக்காதீங்க" என்று ஊராருக்குச் சொல்கிற வேலை. தன் கைக்கு அதைச் சொல்லத் தெரியாதவள். இப்போது எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

ஹஃப்ஸாவுக்கு நிஜ மாப்பிள்ளை வந்தார். ஜாஹித், ஷார்ஜாவில் வேலை, நல்ல மனிதர். (அவரை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். மாட்டேன்.) நிக்காஹ் முடிந்து சில மாதங்களில் ஹஃப்ஸாவுக்கு விசா வந்தது. நாகூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன். வழியில் தஞ்சாவூர் பைபாஸில் ஒரு டீக்கடை ஓரம் ஐந்து நிமிஷம் நிற்பதாகப் பேச்சு. வானதி தூக்குவாளியில் அசோகா அல்வா வாங்கி வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருந்தாள்.

வேன் நின்றது. ஹஃப்ஸா ஜன்னலிலிருந்து குனிந்தாள், வானதி வாளியை உள்ளே நீட்டி எம்பினாள். நெற்றியும் நெற்றியும் ணங்கென்று இடித்துக்கொண்டன.*

"அல்லாஹ்! கொம்பு மொளைக்கப் போவுதுடி" என்று சிரித்தாள் ஹஃப்ஸா. வானதியும் சிரித்தாள். உள்ளேயிருந்து ஹஃப்ஸாவின் உம்மா கமருன்னிஸா, "நேரமாச்சு புள்ளே, ஃபிளைட்டு நிக்காது" என்றார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

(* தலையும் தலையும் ஒருமுறை இடித்தால் கொம்பு முளைக்கும். உடனே இன்னொருமுறை இடித்துக்கொண்டால் முளைக்காது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரும் நம்புவதில்லை, ஆனால் எல்லாரும் இடித்துக்கொள்கிறோம்.)

வானதி வாயைத் திறந்தாள். "ஏய் நில்லு, இன்னொரு தடவ" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சபுர் என்று பயணம் கிளம்பினவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு நாகூர் வீட்டில் அப்படி ஒரு கட்டு. ரெங்கசாமி வீட்டிலும் அதேதான். அவர் விதைநெல் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்போது "எங்க போறீங்க" என்றுகூட யாரும் கேட்கமாட்டார்கள். வேறு எதில் ஒத்துப்போகிறதோ இல்லையோ, இந்த ஒன்றில் இரண்டு வீடும் ஒத்துப்போகும். கூப்பிட்டு, போகிற இடத்தில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

வாயை மூடிக்கொண்டாள்.

ஹஃப்ஸா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கழுத்தை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். லாரி ஒன்று குறுக்கே வந்தது. பிறகு வேனைக் காணோம்.

ஷார்ஜா போய்ச் சேர்ந்ததும் முதல் போன்.

"நீ கூப்புடுவேன்னு பார்த்தேன்டி."

"பொறத்தாலேருந்து கூப்புட்டா ஆகாதுடி. ஒங்க உம்மா மூஞ்சியப் பார்த்தியா?"

"ஆகாதுதான்" என்றாள் ஹஃப்ஸா. மறுபடியும், "ஆனா கூப்புடுவேன்னு பார்த்தேன்" என்றாள்.

4

நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். நீக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அதன் பிறகு விளையாட்டுதான் மிச்சம். இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி. முதலில் பேசிக்கொண்டே விளையாடினார்கள். ஹஃப்ஸாவுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தை தூங்குகிறது என்று பேச்சு நின்றது. பிறகு எழுத்தும் நின்றது. ஒருத்தி அறையைத் திறந்து அழைப்பை அனுப்புவாள், மற்றவள் முடிந்தால் வருவாள். வானதியின் கிடா கொம்பு சிவக்க நிற்கும். ஹஃப்ஸாவின் கிடா துள்ளிக்கொண்டு வந்து அதன் மூக்குக்கு நேரே நின்றுகொள்ளும், முட்டாது. முட்டு என்பதுபோல் நிற்கும். வானதி விரலை எடுக்கமாட்டாள். எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும், முடிந்தால் அவள் போய்விடுவாள். நேரம் தீர்ந்து சமம் என்று அறிவிப்பு வரும்வரை இரண்டு கிடாக்களும் நெற்றிக்கு நெற்றி ஒரு விரற்கடை இடைவெளியில் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டாகவே தெரியாது.

இப்போது ஹஃப்ஸா ஊருக்கு வந்திருக்கிறாள். விடுமுறை முடியப்போகிறது. திங்கட்கிழமை திரும்பிப் போகிறாள். வானதிக்கு இது கமருன்னிஸாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் தெரிந்தது. பேரப்பிள்ளை படம், பெட்டிகளின் படம். ஹஃப்ஸா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போய் நிற்பது என்று வானதிக்கு. நம் வீட்டுக்கு வர அவளுக்கு அழைப்பு வேண்டுமா, அன்றைக்கும் கூப்பிடவில்லை, இன்றைக்கும் வரவில்லை என்று ஹஃப்ஸாவுக்கு. இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. ஆனால் நீங்களும் நானும் இப்படி எத்தனை பேரிடம் இருந்திருக்கிறோம் என்று நினைத்தால் கை ஓங்கவில்லை.

சனிக்கிழமை மதியம், வானதி ஊருக்கு பஸ் ஏறியதும், போனில் அழைப்பு வந்தது. விளையாட்டு அழைப்புதான். உள்ளே போனாள். ஹஃப்ஸா அறையைத் திறந்துவிட்டு எங்கோ போயிருந்தாள்; அவளும் மேடைக்கு வந்தால்தான் ஆட்ட நேரம் ஓடத் தொடங்கும். குழந்தை அழுதிருக்கும். வானதி மேடை ஓரத்தில் போய்த் தலையைத் தாழ்த்தி, விரலை அழுத்தினாள். அவள் திரும்பி வந்ததும் பார்க்கட்டும், நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்று. அவள் வந்தால் கேட்டுவிடுவது: வரட்டுமாடி? திருத்துறைப்பூண்டியில் இறங்கினால் ஒரு பக்கம் வீட்டுக்கு டவுன் பஸ், எதிர்ப்பக்கம் நாகப்பட்டினம் பஸ். அங்கிருந்து நாகூர் கூப்பிடு தூரம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி, விரலை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

5

முடிவுகள்.

முதல் முடிவில், ஹஃப்ஸா திரையில் வந்தாள், வானதி விரலை எடுத்தாள், கிடா பாய்ந்து முட்டியது, இரண்டாவது முட்டும் ஆயிற்று, சுபம். எழுதிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இடித்தது எலும்பும் எலும்பும். பொம்மையை முட்டவிட்டுச் சரிக்கட்ட முடியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவள் நாகூருக்கே போய்விட்டாள். கதவைத் திறந்த கமருன்னிஸா, "ஹஃப்ஸா, யாரு வந்திருக்கான்னு வந்து பாரு புள்ளே" என்று குரல் கொடுக்க, உள்ளேயிருந்து ஈரக்கையோடு...

இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடி நடந்துவிடுகிற இடத்தில் நான் என் பேனாவை நம்புவதில்லை. அடித்தேன். முழுசாக அடிக்க மனசில்லை, பார்த்தீர்களல்லவா, பாதி அப்படியே நிற்கிறது.

6

ஆகவே நிஜமாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடியில் நான் இறங்கினேன். கீழே நின்று புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, ஜன்னலோரம் அவள் தூக்கிப் பிடித்திருந்த போன் அடித்தது. விளையாட்டுக்கு மேலே ஒரு பட்டை வந்து நின்றது. எந்தக் கையால் தொட்டாலும், காதில் வைக்க வேண்டுமென்றால் அந்த விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் கிடா பாய்ந்து, எதிரே யாருமில்லாத மேடையில் ஓடி, விழுந்துவிடும். அவள் அந்தப் பட்டையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உதடு லேசாகத் திறந்தது. விரல் அப்படியே இருந்தது.

பஸ் கிளம்பிவிட்டது.

அழைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. கடன் வேண்டுமா என்று கேட்கிற குரலாகவும் இருக்கலாம். ஆனால் கதையை எழுதிக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அது ஹஃப்ஸா. அன்றைக்கு வேனிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தவள், விளையாட்டைப் போட்டுவிட்டு, இன்றைக்குத் தானே கூப்பிடுகிறாள். இவள் இன்னும் கிடாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள்.

எடும்மா என்று நான் கத்தியிருக்கலாம். அப்போது எனக்கு இந்தக் கதை தெரியாது. அவள் பெயரும் தெரியாது. பஸ் போன பிறகு பெயர் தெரியாத ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது?

அதற்காகத்தான் வீட்டுக்கு வந்து இத்தனை பக்கம் எழுதி அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன். இன்னொருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும் என்று.

நான் மன்னார்குடியில் இறங்கிவிட்டேன். நீங்கள் இறங்கவில்லை. நான் எழுந்த சீட்டில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கிடா விழுந்தால் விழட்டும், அது மறுபடி எழுந்து வரும். நீங்கள் பின்னாலிருந்து கூப்பிடப் போவதில்லை, பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், அதனால் எந்தச் சாத்திரமும் குறுக்கே வராது.

அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்.