மாற்றுப் பெயர்

என் மகள் ஜதுர்ஷிகா யுனிவர்சிட்டியில் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இனக்குழுக் கற்கையாம். கிழக்கு லண்டனில் இருக்கிற என் மச்சாள், "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று கேட்டே என் உயிரை வாங்குவாள். எங்களைப் பற்றி எங்களிடமே கேட்டு, எங்களுக்கு விளங்காத இங்கிலிஷில் எழுதுகிற படிப்பு என்று சொல்லி வாயை அடைத்தேன்.

கடைசி வருடத்துக்கு ஓர் ஆய்வு. அகதியாக வந்த ஒருவரைப் பேட்டி எடுக்கவேண்டும். "வேற ஆரும் ஏன், அப்பா இருக்கிறார்தானே" என்று போனில் ரெக்கோர்டிங்கைப் போட்டு இவருக்கு முன்னால் வைத்தாள். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றேன். குழாயைப் பூட்டிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

ஏனென்றால் என் மனுசனின் பெயர் குகதாசன் இல்லை. அது இவர் வந்திறங்கிய பாஸ்போட்டின் பெயர். சொந்தப் பெயர் பரமேஸ்வரன். ஊரில் ஆமி இவரைப் பிடித்து, அடித்து நொறுக்கி, தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை வெட்டிச் சந்தியில் இருத்தியது. சனம் வரிசையாக முன்னால் நடக்கவேண்டும். இவர் தலை ஆடினால் அந்த ஆள் முடிந்தான். தலையாட்டி என்போமே, அதுதான். சாக்குக்குள் இருந்தது யாரென்று பிறகு ஊருக்குத் தெரிந்துவிட்டது. கலியாணத்துக்கு முதலே எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அந்தப் பெயர் இந்த வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்று முடிவெடுத்தோம். பிள்ளைக்கும் சொல்லவில்லை.

ஒருமுறை வெம்பிளிக் கடையில் யாரோ யாரையோ "டேய் பரமேஸ்!" என்று கூப்பிட்டான். இவர் திரும்பவேயில்லை, முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே நின்றார். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

பேட்டியில் கெட்டிக்காரனாகத்தான் கதைத்தார். ஆமி ஊரைச் சுற்றிவளைத்த நாளை, தானும் வரிசையில் நின்றவர்போலச் சொன்னார். சந்தி, வெயில், வெங்காயம் மணத்த சாக்கு, அழுத தாய்மார். அப்பாடா என்று நான் மீனைப் பொரித்தேன்.

ஆய்வுக்கு நல்ல புள்ளி. பாராட்டி யுனிவர்சிட்டி வெப்சைட்டிலும் போட்டுவிட்டார்கள். சாப்பிடும்போது பெருமையாக வாசித்துக் காட்டினாள். பரமேஸ்வரன் என்று முதல் வரியிலேயே வந்தது.

"ஆரடி அந்தப் பேர் வைச்சது?"

"அப்பாதான். உண்மைப் பேர் போடக்கூடாதம்மா, அது ரூல். பொய்ப் பேர் ஒண்டு சொல்லுங்கோ எண்டன், டக்கெண்டு சொன்னார்."

அவள் மேலே போனதும் இவரைப் பிடித்தேன். "உங்களுக்கென்ன விசரே?"

இவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "ஒருக்கா எண்டாலும் என்ர பேரில கதைக்கவேணும் போல கிடந்தது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது. அடுத்த நாளே மகளோடு சண்டை பிடித்து அதை வெப்சைட்டிலிருந்து எடுப்பித்தேன். அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று முணுமுணுத்தாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி தொடங்கியது. கோயிலில் முன்பின் தெரியாத ஒரு மனுசி, "உங்கட ஆள் ஊரில எந்தப் பக்கம்?" என்றாள். தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில் ஒருவர் அதையே கேட்டார். எங்கள் சனம் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், ஆனாலும் அதற்குப் பிறகு நான் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

ஒருநாள் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, அப்பாட ஊர் அங்கிள் ஒராள் ஈமெயில் போட்டவர். வைத்தியநாதனாம். என்ர ஆய்வை எடுக்க முதலே வாசிச்சிட்டாராம். அவற்ர தம்பியை அந்தச் சுற்றிவளைப்பிலதான் ஆமி கொண்டு போனதாம். தானும் பேட்டி தாறாராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வரச் சொல்லிட்டன்."

"இஞ்சாருங்கோ, மச்சாள் வீட்டை போவம்" என்று இவரிடம் கெஞ்சினேன்.

"இனி எங்க போறது?" என்றார். ஞாயிறு காலை சவரம் செய்து, ஷேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஹோலில் போய் இருந்தார்.

வந்தவர் தலை நரைத்த, மெலிந்த மனிதர். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. "தேத்தண்ணி பிறகு குடிப்பம் தங்கச்சி" என்றார். மகள் ரெக்கோர்டிங்கைப் போட்டாள்.

"பிள்ளை, நீர் வடிவா எழுதியிருக்கிறீர்" என்று தொடங்கினார். "ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. சாக்கு வெங்காயம் மணத்தது எண்டு கிடக்கு. நானும் அந்த வரிசையில நிண்டனான். தம்பி எனக்கு முன்னால நிண்டவன். எங்களுக்கு ஒரு மணமும் வரேல்லை."

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா?" என்றாள்.

அவர் பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "பரமேஸ்வரன் நீர்தானே?"

இவர் தலையை ஆட்டினார்.