சத்திரம் வரைக்கும்

"அக்கா, அத ஆப் பண்ணு. லைட்டுக்கு வயர் இழுக்கணும்." வாசலில் நின்று தம்பி மதுரன் மறுபடியும் சொன்னான். தேயிலைத் தோட்டத்து அந்த லயத்துக் காம்பராவில் இருந்ததே ஒரு பிளக். அதில் அக்கா புருஷன் துஷாந்தின் டிவியும் பழைய கேம் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றாள் நிலக்ஷி.

ஆஸ்பத்திரியிலிருந்து துஷாந்தின் உடம்பு ஹட்டன் டவுனைத் தாண்டிவிட்டதாம். வந்ததும் தலைமாட்டில் வெளிச்சம் வேண்டும். நேற்று ராத்திரி வேலைக்குப் போன மனுஷன், தேயிலை பெக்டரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

பகலெல்லாம் ஆட்டோ, ராத்திரி பெக்டரி. இடையில் அவள் ரொட்டி சுடுகிற நேரம்தான் அவனுக்கென்று இருந்தது. அதற்குள் டிவியில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றிவிடுவான். வாளோடு முன்னால் போகிறவனுக்குத் தன் பெயர், மருந்துப் பையோடு பின்னால் வருகிறவளுக்கு அவள் பெயர். "அங்கயும் நான்தான் ஒங்களுக்கு மருந்து தடவணுமா?" என்று சலித்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டே ரொட்டியையும் கருக்குவாள்.

பாழாய்ப்போன ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சத்திரத்தில் போய்ப் படுத்தால்தான் வந்த வழி பதிவாகும். நேற்று பாதிக் காட்டிலேயே பெக்டரிச் சங்கு ஊதிவிட்டது. "ஆப் பண்ணிறாத புள்ள, வந்ததெல்லாம் வீணாப் போயிரும். காலைல வந்து சேத்துர்றேன்" என்று ஓடினான்.

நிலக்ஷி முதல் தடவையாக கேம் பெட்டியின் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

துஷாந்தின் அக்கா ஜீவராணி உள்ளே வந்து திகைத்துப்போனாள். "அடியே, பொணம் வந்துக்கிட்டு இருக்கு, ஒனக்கு வெளையாட்டா? சனமெல்லாம் பாக்குது!"

"அவரு நடுக் காட்டுல நிக்கிறாரு அண்ணி. எப்படி அணைக்கச் சொல்றீங்க?"

ஜீவராணி திரும்பிப் போய், வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

புதரிலிருந்து எதுவோ பாய்ந்து வாள்காரனை அடித்தது. அவன் உயிர்க்கோடு சிவந்தது. நிலக்ஷி தட்டுத்தடுமாறி மருந்துப் பையைத் திறந்தாள். அங்கே மருந்து பலித்தது. அவன் எழுந்து நடந்தான்.

ரோட்டில் தப்பு மேளச் சத்தம் கேட்டபோது திரையில் சத்திரம் தெரிந்தது. படுக்கவா என்று கேட்ட இங்கிலீஷ் அவளுக்குப் பார்த்துப் பார்த்தே பழக்கம். அமுக்கினாள். திரை இருண்டது.

பிறகு ஒரு சேவல் கூவியது. சத்திரத்து வாசலில் நாலு பேரும் எழுந்து நின்றார்கள், வாள்காரன் முன்னால்.

நிலக்ஷி பிளக்கைக் கழற்றினாள்.

"வயரக் குடு தம்பி."