மாஷின் கையைப் பிடித்த ஹிமா

கேசவனுண்ணி மாஷை எனக்குப் பிடிக்காது. ஊருக்கு அவர் பெரிய மனிதர். பள்ளியில் தலைமை ஆசிரியர், கோயிலில் உற்சவக் கமிட்டி. அவர் பேரைச் சொல்லும்போதே என் தங்கை ஷைலஜா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள்.

ஷைலஜாவின் மகள் ஹிமாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு. சந்தோஷம் வந்தாலும், சத்தம் தாங்காவிட்டாலும் இரண்டு கையையும் காதோரம் தூக்கி, ஈரத்தை உதறுவதுபோல் உதறுவாள். உதறினால் அமைதியாகிவிடுவாள். பிடித்து நிறுத்தினால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். கூட இருந்து பார்த்தால் யாருக்கும் விளங்குகிற விஷயம்தான்.

மாஷுக்கு விளங்கவில்லை. "அந்தக் கைதான் மத்த பிள்ளைங்க கவனத்தைக் கெடுக்குது. ஜூன்ல ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள அடங்கணும். இல்லேன்னா வேற இடம் பாருங்க" என்றுவிட்டார். ஹிமாவைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் வேறு பள்ளி கிடையாது. கை உயர்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்து, "கை கீழே" என்று சொல்லி இறக்கிவிட வேண்டுமாம். மாஷ் கற்றுக்கொடுத்த முறையை ஷைலஜா வீட்டிலும் தொடங்கினாள்.

ஹிமாவுக்குச் சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம். கொடியில் துணி காயப்போட நான் கையைத் தூக்கினால் ஓடிவந்து, "கை கீழே, வல்யம்மே" என்பாள். பெரியம்மா நான் ஈரத் துணியோடு நிற்பேன்.

மேட மாதம், அதாவது சித்திரையில், கோயில் உற்சவம் வந்தது. மிக்ஸி சத்தத்துக்குத் தெருமுனைவரை ஓடுகிறவள், நூறு செண்டை முழங்கும் மேளத்துக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றாள். கைகள் மட்டும் பாவாடையைக் கசக்கிப் பிடித்திருந்தன.

எங்கள் ஊர் ஆண்கள் மேளத்தைக் கையால்தான் கேட்பார்கள். வக்கீல், பாங்க் மேனேஜர், எலும்பு டாக்டர் எல்லோரும் வியர்வையில் குளித்து, இரண்டு கையையும் வானத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். இவர்களை யாரும் எந்தச் சிகிச்சைக்கும் அனுப்புவதில்லை. முன்வரிசையில், கண்ணை மூடி, தலையை உருட்டி, எல்லோரையும்விட உயரமாகக் கை வீசிக்கொண்டிருந்தவர் நம்முடைய மாஷ்.

பஞ்சாரி மேளம் அதன் உச்ச வேகமான ஐந்தாம் காலத்துக்கு ஏறியது. ஹிமா எங்களைவிட்டு விறுவிறுவென்று போய், மாஷின் கை வீச்சில் தாழ்ந்தபோது மணிக்கட்டு இரண்டையும் எட்டிப் பிடித்து இறக்கினாள்.

"கை கீழே, மாஷே."

"ஐயோ சேச்சி, ஸ்கூல் போச்சு!" என்று ஷைலஜா பாய்ந்தாள்.

"நில்லுடி, பாப்போம்" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தா மோளே இது, விடு!" என்றார் மாஷ். அவள் விடவில்லை. இத்தனை பேர் முன்னால் குழந்தையை உதறித்தள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. மேளம் போகப்போக அவர் தோள் துள்ளியது, தாடை இறுகியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பக்கத்தில் வக்கீல் மேளத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: "என்ன மாஷே, கை ஓடலை? உடம்புக்கு ஆகலியா?"

"விடு மோளே, தாங்கலை. கையைப் பிடிச்சா மேளம் வெளிய போக வழியில்லாம உள்ளயே முட்டுது."

ஹிமா அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி கேட்டாள்: "மாஷுக்கும் முட்டுமா?"

உடனே விட்டுவிட்டாள். "அப்ப ஆட்டிக்கோங்க."

மாஷ் ஆட்டவில்லை. மறுபடி பாவாடை மடிப்பைக் கசக்கிப் பிடித்த அவள் விரல்களைப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கு ஜூன்ல ஸ்கூல் இருக்கு."

மாஷ் அந்தக் கூட்டத்தில் மண்டியிட்டு, அவள் விரல்களைப் பாவாடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இந்தக் கையோடயே வா, மோளே."

ஹிமாவின் கை காதோரம் உயர்ந்தது. மேளம் ஒரு பக்கம், அவள் உதறல் ஒரு பக்கம்; தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகுதான் மாஷின் கை மேலே போனது.

ஷைலஜா பழக்கதோஷத்தில், "கை..." என்று வாயெடுத்தாள். அவள் வாயை நான் பொத்தினேன்.