பிராக்கெட் டீச்சரின் ஓரக் குறிப்புகள்

கணினியில் அடைப்புக்குறி அலகைத் திறந்தபோது மேல் மூலையில் என் மனைவியின் பெயர் இருந்தது. பச்சை நிறத்தில். அவள் இறந்தது போன பருவத்தில்.

சொந்தப் பெயரல்ல. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்: பிராக்கெட் டீச்சர். கரும்பலகையில் யார் கணக்குப் போட்டாலும், "திறந்தியே, மூடினியா?" என்று பின்வரிசைவரை கேட்கும்படி கத்துவாள். அந்தப் பெயரையே தன் இணையக் கணக்குக்கும் வைத்துக்கொண்டாள்.

எங்கள் வேலை இதுதான். பல பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் சேர்ந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்குப் பயிற்சித்தாள்கள் எழுதுகிறோம். எல்லாம் இணையத்தில் ஒரே பொதுக் கோப்புறையில். யாரும் திறக்கலாம், திருத்தலாம். ஒருவர் பக்கத்துக்குள் வந்தால் அவர் பெயர் மூலையில் தெரியும். வரிகளுக்கு நடுவே அவர் நிறத்தில் ஒரு கோடு துடிக்கும்.

அந்தப் பச்சைக் கோடு முதல் பயிற்சியில் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு நகர்ந்தது.

கணினியை மூடிவிட்டேன்.

எதிர் மேசையில் இயற்பியல் ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கே அவர் பிசிக்ஸ்தான். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? பசங்க மார்க்கைப் பாத்துட்டியா?"

"இல்ல."

"தண்ணியாவது குடி."

குடித்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

அந்த அலகு அவள் எழுதியது. பாதியில் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்திருக்கவில்லை. நான் திறந்த அன்றைக்கு மறுநாள் காலை அது அச்சுக்குப் போக வேண்டும். முடித்துத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டேனே தவிர, அதுவரை திறக்கவில்லை. ஓரம் முழுக்க அவள் குறிப்புகள் இருக்கும் என்று தெரியும். எழுதும்போது மற்ற ஆசிரியர்களோடு பேசுவது போல ஓரத்தில் எழுதிக்கொண்டே போவாள். அவள் பேச்சு என்று என்னிடம் மிச்சமிருந்தது அதுதான்.

அதற்கு ஒரு விதி உண்டு. குறிப்பில் சொன்ன வேலை முடிந்தால் குறிப்பை அழித்துவிட வேண்டும். ஓரம் காலியானால்தான் அலகு அச்சுக்குப் போகும். "இல்லன்னா ஓரமெல்லாம் குப்பைத்தொட்டி ஆயிடும்" என்று கூட்டத்தில் சொன்னது அவளே.

மறுபடி திறந்தேன். முதல் பக்கத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது. பச்சைக் கோடு இரண்டாம் பக்கத்தில் நின்றது. ஒரு குறிப்பின் அருகே போனது. கணக்கில் ஓர் எண் மாறியது. குறிப்பு மறைந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை.

யார் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். வேறு யாரோ என்று தெரிந்துவிடும். எனக்கு எது பயம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை: அது அவள் என்பதா, அவள் இல்லை என்பதா. திரையைப் படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று பிசிக்ஸ் பிற்பாடு சொன்னார். தோன்றவே இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு ஓடினேன். பச்சைக் கோடு மேலிருந்து அழித்துக்கொண்டு வந்தது. நான் கீழிருந்து படித்துக்கொண்டு போனேன்.

'இந்தக் கணக்கு ரொம்ப நல்ல பிள்ளை. கொஞ்சம் குறும்பு சேர்க்கணும்.'

'விடை பின்னம். பசங்க பயந்து அழிச்சுட்டு மறுபடி போடுவாங்க. சரிதான்னு தைரியம் சொல்லவும்.'

'தலைவலி. மீதி நாளைக்கு.'

அதில் நின்றுவிட்டேன். அந்த நாளை எனக்குத் தெரியும். மாத்திரை எங்கே என்று கேட்டாள். அலமாரியில் பார் என்றேன். கையில் வேறு வேலை இருந்தது.

பச்சைக் கோடு மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு குறிப்பு மறைந்தது. அடுத்ததைப் பாதி படிப்பதற்குள் அதுவும் போயிற்று. இருவருக்கும் நடுவில் ஒன்றே ஒன்று நின்றது.

'−(x − 3) கொடுத்தா பாதி வகுப்பு −x − 3 எழுதுது. என் வீட்டுக்காரர் கிளாஸ்ல யாரும் இதைத் தப்பா போடறதில்லையாம். எப்படிச் சொல்லித் தர்றார்னு கேக்கணும். கேட்டா அவருக்குத் தலைகால் புரியாது. பரவாயில்ல, கேக்கணும்.'

அவள் கேட்கவே இல்லை.

பச்சைக் கோடு அந்தக் குறிப்புக்கு வந்தது. நின்றது. துடித்தது. குறிப்பின் கீழே எழுத்துகள் வரத் தொடங்கின.

'இதைக் கேட்டாயிற்றா என்று யாருக்காவது தெரியுமா? இல்லையென்றால் அழித்துவிடலாமா?'

'அழிக்காதீர்கள்' என்று அடித்தேன். மூன்று தரம் பிழையாக அடித்துத் திருத்தினேன். கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டேன்.

உடனே மணி அடித்தது. இளம் பெண் குரல்.

"சார் வணக்கம். நான் புதுசா சேர்ந்திருக்கேன், வேற ஸ்கூல். எனக்குத் தனி கணக்கு இன்னும் தரல. முன்னாடி இருந்தவங்க, இந்த அக்காகிட்ட வாங்கி வச்சிருந்த இந்தக் கணக்கோட பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போனாங்க. எங்க ஸ்கூல்ல எல்லாரும் இதுலதான் வேலை பாக்கறோம். தப்பா சார்?"

"இல்ல."

"நாளைக்கு அச்சுன்னாங்க. அதான் அக்கா எழுதின வேலையெல்லாம் ஒவ்வொண்ணா முடிச்சிட்டு வரேன். ரொம்ப நல்லா எழுதறாங்க சார். சிரிச்சுட்டே செஞ்சேன். அடுத்த கூட்டத்துக்கு வருவாங்களா? ஒரு தடவை பாக்கணும்."

"அவ என் மனைவி. இப்ப இல்ல."

"லீவுல இருக்காங்களா?"

"இறந்துட்டா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ. நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனே சார்."

"வேலையை முடிச்சுட்டுத்தானே அழிச்சீங்க. அவ போட்ட விதிதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிசிக்ஸ் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுக்கு என்ன சார் போடறது? நீங்க எப்படிச் சொல்லித் தருவீங்க?"

வகுப்பில் சொல்வதைச் சொன்னேன்.

"பிராக்கெட் ஒரு ரூம். வாசல்ல கழித்தல் குறி காவலுக்கு நிக்குது. உள்ளேருந்து வெளிய வர்ற ஒவ்வொருத்தரும் சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் வரணும். பசங்க முதல் ஆளை மட்டும் பிடிப்பாங்க. ரெண்டாவது ஆள் நைசா நழுவிடுவான். ரெண்டு பேரையும் பிடிக்கணும்."

"மைனஸ் மூணு, ப்ளஸ் மூணா வெளிய வரும்."

"ஆமா."

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான்."

அவள் தட்டச்சு செய்வது கேட்டது. என் மனைவியின் பெயரைத் தாங்கிய கோடு என் சொற்களை அந்தப் பயிற்சியின் கீழே எழுதிக்கொண்டு போனது. சட்டை, காவல், நழுவுகிறவன். முற்றுப்புள்ளி வைத்து நின்றது.

"முடிஞ்சுது சார். இந்தக் குறிப்பு இருக்கட்டுமா? நான் தொட மாட்டேன்."

இருந்தால் அலகு நாளை போகாது. ஒன்பதாம் வகுப்புக்கு அடைப்புக்குறி தொடங்கும்போது தாள் இருக்காது.

"நான் பாத்துக்கறேன்."

"அப்ப நான் வெளிய வந்துடறேன் சார்."

"வேண்டாம்." பிசிக்ஸ் எழுந்துவிட்டார், அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். "கொஞ்சம் இருங்கம்மா. அந்தப் பக்கத்துலயே இருங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"சரி சார். இருக்கேன்."

பச்சைக் கோடு குறிப்பின் அருகே துடித்தது. குறிப்பை மறுபடி படித்தேன். தலைகால் புரியாது என்ற இடத்தில் என் வாய் லேசாகக் கோணியது. விரலை விசைமேல் வைத்தேன். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. அழித்தேன்.

ஓரம் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது. கோடு இன்னும் துடித்தது.

"சார், இருக்கவா?"

"போதும்மா. போயிட்டு வாங்க."

மூலையில் இருந்த பெயர் போயிற்று. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். பிசிக்ஸ் என் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வா மாப்ள. கிளாஸ் வரைக்கும் நானும் வரேன்."