பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த கார்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. போன மாதம் என் மைத்துனன் பழைய அம்பாசடர் ஒன்றைப் பார்க்கப் போனான். கார் வைத்திருப்பவர் என்று நல்லேப்பிள்ளி ஊர்க்காரர் நஞ்சப்பனையும் கூட்டிக்கொண்டு போனோம். மனிதர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கல்லுக் கெடக்கற தடத்துல ஓட்டச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார். ஏனென்று கேட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் சொன்னார்.

எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: பீர்மேட்டில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்…

(அடித்துவிட்டேன். மலை என்று எழுதினாலே என் பேனாவில் பனி தானாக இறங்குகிறது. அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில் என்கிறார் நஞ்சப்பன்.)

இரண்டாவது: அதிர்வுதாங்கி என்பது வாகனத்தின்…

(இதுவும் போகட்டும். ஷாக் அப்சார்பரை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பள்ளத்தில் இறங்கிய வண்டி மேலும் கீழும் குதித்துக்கொண்டே போகாமல் பிடித்து நிறுத்துகிற சாமான். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.)

2

1974. நஞ்சப்பனின் மனைவி பழனாத்தாள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முன்னால் இரண்டும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயின. பதினைந்து நாளுக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும், உடம்பு குலுங்காமல் வரவேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாட்டுவண்டியும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. பீர்மேட்டில் ஓர் எஸ்டேட்டில் டிஸ்பென்சரிக் கார் விலைக்கு இருப்பதாக லாரிக்காரர் ஒருவர் சொல்ல, நஞ்சப்பன் மலையேறினார்.

பக்கத்துச் சித்தூர் மெக்கானிக் வீரபாண்டி இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். காரின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கிவிட வேண்டும்; ஒருதரம் எழும்பி நின்றால் சரி, ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போச்சு. அப்புறம் அடியில் படுத்து, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஸ்டேட் டிரைவர் மிக்கேல்ராஜ் காரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார். நஞ்சப்பன் அமுக்கினார். நாலு மூலையும் ஆடாமல் அப்படியே நின்றன. அடியில் படுத்தார். எல்லா இடத்திலும் காய்ந்த சேறு. இடது பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் மட்டும் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. புதுசு மாட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்.

அப்போதுதான் டிஸ்பென்சரி நர்ஸ் செபமாலையம்மாள் வெளியே வந்தார்.

"வண்டி யாருக்கு வாங்குதீங்க?"

நஞ்சப்பன் வெட்கத்தோடு சொன்னார். போன இரண்டையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த அம்மா காரின் பின்கதவைத் திறந்தார். பிறகு, "முன்சீட்டுல உக்காந்தா ஒண்ணும் தெரியாது. பின்னால எங்கூட ஏறுங்க. மிக்கேலு, லயத்துப் பாதையில விடு" என்றார்.

தொழிலாளர் லயங்களுக்குப் போகிற அந்தப் பாதையில் ஒரே ஒரு கல் தாண்டியதற்கு வண்டியின் பின்பக்கம் மூன்று தரம் தூக்கிப் போட்டது. நஞ்சப்பன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்பிரிங் பட்டை எல்லாம் துருப்புடிச்சி இறுகிக் கெடக்கு. கையால அமுக்குனா அசையாது, கல்லுல ஏறுனாத்தான் குதிக்கும்" என்றார் செபமாலையம்மாள். "பதினோரு வருசமா பிரசவ வலி வந்த பொம்பளப் பிள்ளைகள இந்தச் சீட்டுல வச்சித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். ரெண்டு வருசமா வண்டி இப்பிடித்தான், ஒவ்வொரு குழிக்கும் அவ இடுப்ப நான் ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிக்கணும்."

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வண்டி செய்யாத வேலையை இரண்டு கைகள் செய்திருக்கின்றன. இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுவிடும்.)

3

மிக்கேல்ராஜை முதல் வரைவில் அயோக்கியனாக்கி வைத்திருந்தேன். கதைக்கு ஒருத்தன் தேவையாக இருந்தான். நஞ்சப்பன் ஒப்பவில்லை. "அவரை அப்படி எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க."

நடந்தது இது. மிக்கேல்ராஜ் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெ வழிஞ்சிருந்திச்சி. நேத்து நாந்தான் தொடச்சேன். தொரை தொடைக்கச் சொன்னாரு. ஆனா அவரு சொன்னாருன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுல்லா, தொடச்ச கை என்னுது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோட்டயம் போய்ப் புதுசாக ஒரு ஜோடி வாங்கி வந்தார். தாமே படுத்து மாட்டினார். பட்டைகளைக் கழற்றித் துரு எடுத்து கிரீஸ் வைத்தார். கூலி வாங்கவில்லை. செபமாலையம்மாள் மறுபடி பின்சீட்டில் ஏறி, அதே பாதையில் போய் வந்து இறங்கினார். "இப்பக் கொண்டுபோங்க" என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருதரம் அந்தக் கார் கோயமுத்தூர் போய் வந்தது. ஐந்தாம் மாதம் கடந்தது. பத்தாம் மாதம் பெண் குழந்தை. காளியாத்தாள் என்று குலதெய்வத்தின் பெயர். ஐந்து வயது முடிந்து, இந்த வருடம் என் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

4

நஞ்சப்பன் நன்றி சொல்லத் திரும்பவும் மலையேறியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செபமாலையம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். இன்னொன்றில் அவர் பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார். மூன்றாவதில் அவர் உயிரோடு இல்லை. முந்தாநாள் அவர்கள் வீட்டில் மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

"அந்தம்மா செத்துட்டாங்கன்னு எழுத உங்களுக்குக் கை வந்துச்சுங்களா?" என்றாள் பழனாத்தாள். அப்புறம் கணவரிடம் திரும்பினாள். "ஏனுங்க, அறுப்பு முடியட்டும் முடியட்டும்னே அஞ்சு வருசம் போயிருச்சு. இன்னும் ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

நஞ்சப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "நாளன்னிக்குப் போலாம்" என்றார்.

இன்று விடிகாலையில் கிளம்பிவிட்டார்கள். டிக்கியில் புது அரிசி மூட்டை. பின்சீட்டில் தாயும் மகளும். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

டிஸ்பென்சரி வாசலில் கார் நிற்கும். நஞ்சப்பன் இறங்கிக் கதவைத் தட்டுவார். திறப்பவர் யாரென்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருப்பீர்கள். அந்தக் கதவை அவரை வந்து திறக்கச் சொல்லுங்கள்.