கோலி சோடாவும் வறுமை ஒழிப்பும்

பாரத நாட்டின் வறுமை, எண்பத்து நான்காம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சங்கரன்கோவில் மேல ரத வீதியில் ஒழிக்கப்படுவதாக இருந்தது. ஒழிக்க வேண்டிய அதிகாரியின் ஜீப் மேலநீலிதநல்லூரில் பஞ்சராகிவிட்டதால், பன்னிரண்டரை வரை அதற்கு ஆயுள் நீட்டிப்பு கிடைத்தது.

காளிராஜுக்கு நாட்டின் வறுமையைப் பற்றி அவ்வளவு அவசரமில்லை. படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் அவனுக்கு சோடா மிஷினும் கேஸ் சிலிண்டரும் வந்து இறங்கியிருந்தன. அவற்றை அவனுக்கே ஒதுக்கும் உத்தரவு மட்டும் அதிகாரி காசிராஜனின் கைப்பையில் இருந்தது. மிஷின் தன் கண்ணெதிரே ஓடினால்தான் அது வெளியே வரும் என்று சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் மிஷின் வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விடும்.

அப்படிப் போனால் காளிராஜையும் கூட்டிப் போக ஆள் தயாராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருவேங்கடத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் தாய்மாமன் செல்லச்சாமி.

"பி.காம். படிச்சவன் கோலி சோடா ஊத்துதான். ஓடலைன்னா விசனப்படாத மக்கா. சாயங்கால பஸ்ஸுக்கே போயிருவோம். நம்ம கடையில மூடை தைக்க ஆளில்ல."

காளிராஜின் பார்வை மிஷின் மேல் இருந்தது. மேலேயிருந்த, கேஸின் அழுத்தம் காட்டும் வட்டமான கேஜைக் காணவில்லை. அந்த இடத்தில் உள்ளங்கை கனத்துக்குச் சந்தனமும், அதன் நடுவில் பெரிய குங்குமப் பொட்டும் இருந்தன.

"எம்மா, கேஜ்லயா பொட்டு வச்ச?"

"அதுதாம்லே மொகம் மாதிரி இருந்துச்சி" என்றாள் முருகம்மாள்.

"முள்ளு தெரியணும்மா. அது சிவப்புக்கோட்டைத் தாண்டினா பாட்டில் வெடிச்சிரும்." அவன் துண்டை எடுத்தான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மங்கலப் பொட்டை நடுச்சபையில அழிக்கப்போறியா? கோமதி அம்மனுக்குச் சாத்துன சந்தனம்லே அது."

சோடா போடுவதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ராஜபாளையத்து முதலாளிக்கு இடது கண் கிடையாது. அதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அவர் காட்டுவார். காளிராஜ் கம்பிவலை மூடியை இறக்கிக் கொக்கியை மாட்டினான்.

அதற்குள் அதிகாரி வந்து, மாலையைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்துவிட்டார். போட்டோக்காரர் தயங்கினார். "வலை மறைக்குது சார். மூஞ்சி விழாது."

"வலையை எடுப்பா" என்றார் அதிகாரி.

"சார், வலை வந்து…"

"எடுங்கிறேன்."

மாமா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காளிராஜ் வலையைத் தூக்கினான். அதிகாரி கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். பாட்டில்கள் தலைகீழாகப் புரண்டு புரண்டு வந்தன.

"வேலை தேடும் கைகளை வேலை கொடுக்கும் கைகளாக மாற்றுவதே…" என்று ஆரம்பித்தார். வாக்கியம் நீளமானது. ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

காளிராஜ் கேஜையே பார்த்தான். சந்தனத்துக்கு அடியில் முள் எங்கே நிற்கிறதோ. அதிகாரியின் முகம் பாட்டிலுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்த முகத்தில் இரண்டு கண்கள் இருந்தன.

"போதும் சார்" என்றான் மெதுவாக.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீர்களா? இந்தத் தம்பி போதும் என்கிறார். இளைஞன் வாயில் வரக்கூடாத சொல் அது." கைதட்டல் எழுந்தது. உற்சாகத்தில் அவர் வேகமாகச் சுற்றினார். மிஷினுக்குள் ஏதோ கிரீச்சென்றது.

காளிராஜ் பாய்ந்தான். அதிகாரியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த விழா பேனரோடு தரையில் விழுந்தான்.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி, அடியிலிருந்து.

"வெடிக்கப்போவுது சார்."

மேல ரத வீதி காலியானது. மாமா நாற்காலியோடு எதிர்ச்சாரி ஜவுளிக்கடைக்குள் இருந்தார். அதிகாரி எப்படி எழுந்தார் என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அவரும் அங்கேதான், வேட்டிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கைப்பை திறந்தது. தன்னுயிரைத் துச்சமாக மதித்து அரசு ஊழியர் ஒருவரைக் காத்த இளம் தொழில்முனைவோரைப் பற்றி ஜவுளிக்கடைக்குள்ளேயே ஒரு சிற்றுரை நிகழ்ந்தது. உத்தரவு காளிராஜ் கைக்கு வந்தது. போட்டோவும் எடுத்தார்கள். மாமா தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கேஸை இறக்கிவிடுவதற்காகக் காளிராஜ் முகத்தில் வலையைக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக மிஷினை நெருங்கினான். கண்ணை இடுக்கிக்கொண்டு துண்டால் சந்தனத்தை வழித்தான்.

முள் பூஜ்யத்தில் இருந்தது. சிலிண்டரை அவன் திறக்கவே இல்லை.